“மேடம் போர்டோடதான் பேசுறாங்க”: ஒரு பேராசிரியையின் கடிதமும் என் பதிலும்

கடிதம் எழுதியவருக்கு வயது 37. ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள கலை அறிவியல் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் 11 ஆண்டுகளாக வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறார். வாரத்துக்கு 22 மணி நேர வகுப்பு. இந்த ஆண்டு முதலாண்டு பி.காம். மாணவர்களுக்கு ஃபைனான்சியல் அக்கவுன்டிங் எடுக்கிறார். வகுப்பில் 58 பேர். பாதிக்கு மேல் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள், பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

முதல் இன்டர்னல் தேர்வில் 21 பேர் ஃபெயில். அதே மாதம் வந்த மாணவர் ஃபீட்பேக்கில் இவருக்கு ஐந்துக்கு 2.9. துறையிலேயே அதுதான் குறைவு. ஃபீட்பேக்கை நிரப்பியவர்கள் 24 பேர்தான். அதில் பெயர் போடாத ஒருவர், “மேடம் போர்டோடதான் பேசுறாங்க, எங்களோட பேசல” என்று எழுதியிருக்கிறார். துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) அதை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

இதற்கு நடுவில் கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீடு நெருங்குவதால், ஒவ்வொரு ஆசிரியரும் வாரம் ஒரு பக்கம் ‘ரிஃப்ளெக்டிவ் ஜர்னல்’, அதாவது தன் வகுப்பைத் திரும்பிப் பார்க்கும் குறிப்பு, எழுதித் தர வேண்டும் என்று கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. ஆறு கட்டம் போட்ட ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறது. சக ஆசிரியர்கள் சாட்ஜிபிடியில் எழுதி வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். இவர் மட்டும் தினமும் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து நிஜமாகவே எழுதுகிறார். எழுதி முடித்ததும் அழுகை வருகிறது. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. “சில நாள் காலையில் பஸ் வராமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது” என்கிறார்.

அவர் கேட்பவை மூன்று. படிவத்தில் உண்மையை எழுதினால் அதையே எனக்கு எதிராகத் திருப்புவார்களா? நான் ஆசிரியர் வேலைக்கு லாயக்கில்லாதவளா, வேலையை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கலாமா? படிக்கவே விருப்பமில்லாத, போனை விட்டுக் கண்ணை எடுக்காத பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள அம்மா,

முதலில் உங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மூன்று வாரம் தூக்கமில்லாமல், காலையில் கல்லூரிக்குக் கிளம்பவே பயந்துகொண்டு இருப்பவர் தன் வகுப்பை நிதானமாக எடைபோட முடியாது. இரவு பதினொரு மணிக்கு எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு டாக்டரைப் பாருங்கள். போனில் பேசினால் போதும் என்று தோன்றினால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பஸ் வராமல் போகட்டும் என்ற நினைப்பு அதைவிடக் கனமான ஏதோ ஒன்றாக மாறினால் அன்றே கூப்பிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

சரி, இப்போது வகுப்புக்கு வருவோம். நான் 29 ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன். ஓய்வுக்குப் பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கவுன்சலிங்கும் செய்கிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு பக்கக் கடிதத்தில் உங்களைப் பற்றிய தீர்ப்பு ஏராளமாக இருக்கிறது. வகுப்பில் என்ன நடந்தது என்பது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் போகிற போக்கில். “இவர்களுக்கு அடிப்படையே தெரியாது” என்பதற்கு உதாரணமாக அதைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பையன் எழுந்து, “மேடம், பணம் வந்தா க்ரெடிட்தானே, நீங்க டெபிட்னு போட்டிருக்கீங்க” என்று கேட்டானாம். “ரூலை மனப்பாடம் பண்ணு, போகப் போகப் புரியும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டீர்களாம்.

எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான்.

அந்தப் பையன் எங்கிருந்து பேசுகிறான்

அவன் முட்டாள்தனமாகக் கேட்கவில்லை. டெபிட், க்ரெடிட் என்ற சொற்களை அவன் உங்கள் வகுப்பில் முதல் முறையாகக் கேட்கவில்லை. ஸ்காலர்ஷிப் வரும்போது பேங்கிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் ‘க்ரெடிட்டட்’ என்று இருந்தது. டீக்கடையில் ஜிபே செய்தபோது ‘டெபிட்டட்’ என்று வந்தது. பணம் வந்தால் க்ரெடிட், போனால் டெபிட் என்று பல வருடமாக அவன் போன் அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறது. நீங்கள் போர்டில் ‘டெபிட் வாட் கம்ஸ் இன்’ (உள்ளே வருவதை டெபிட் செய்) என்று எழுதுகிறீர்கள். அவன் கண்ணால் பார்த்ததற்கு நேர் எதிர்!

உங்களுக்குத் தெரியாததா? அந்த எஸ்.எம்.எஸ். பேங்கின் புத்தகத்திலிருந்து வருகிறது. நாம் போட்டு வைத்த பணம் பேங்குக்குக் கடன், அது நமக்குத் திருப்பித் தர வேண்டியது. கடன் கூடினால் அவர்கள் புத்தகத்தில் க்ரெடிட். நம் புத்தகத்திலோ பேங்க் நமக்குத் தர வேண்டிய ஆள், அதனால் டெபிட். நாம் எழுதும் கேஷ் புக்கில் டெபிட் பேலன்ஸாக இருப்பது பேங்க் தரும் பாஸ் புக்கில் க்ரெடிட் பேலன்ஸாக இருப்பது இதனால்தான். பின்னால் இந்த இரண்டு புத்தகங்களையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பேங்க் ரீகன்சிலியேஷன் நடத்தும்போது இதையே விளக்கப் போகிறீர்கள். அந்தப் பையன் அதை ஒரு மாதம் முன்னாலேயே கேட்டுவிட்டான்.

“கொள்வோன் கொள்வகை அறிந்து” சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். வாங்கிக்கொள்பவன் எப்படி வாங்கிக்கொள்கிறான் என்று தெரிந்து பாடம் சொல்ல வேண்டுமாம். வணிகவியல்காரருக்கு இலக்கண நூல் எதற்கு என்று சிரிக்காதீர்கள். 58 பேரில் எத்தனை பேர் அந்த எஸ்.எம்.எஸ்.ஸைத் தலையில் வைத்துக்கொண்டு உங்கள் ரூலை மனப்பாடம் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 21 பேரின் விடைத்தாளை எடுத்து, பேங்க் சம்பந்தப்பட்ட ஜர்னல் என்ட்ரிகளை (கணக்குப் பதிவுகளை) மட்டும் பாருங்கள். தலைகீழாகப் போட்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலைதான். எண்ணி முடித்த பிறகு, “இவர்களுக்கு அடிப்படை தெரியாது” என்ற வரியை நீங்களே வேறு மாதிரி எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்தத் தாள்களில் வேறு ஏதாவது தட்டுப்படும்.

உங்கள் எதிரி என்று நீங்கள் சொல்லும் போன் இங்கே உதவிக்கு வரும். அடுத்த வகுப்பில் எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக வந்த பேங்க் எஸ்.எம்.எஸ்.ஸைப் பார்த்து, தொகையை மறைத்துவிட்டு, ‘இது யார் புத்தகம்?’ என்று கேளுங்கள். போன் இல்லாத பிள்ளைகளுக்காக இரண்டு மெசேஜை போர்டில் எழுதிவிடுங்கள்.

திரும்பிப் பார்ப்பது வேறு, குற்றப்பத்திரிகை வேறு

உங்கள் டைரியிலிருந்து ஒரு வரியை அனுப்பியிருந்தீர்கள்: “இன்றும் வகுப்பு சரியில்லை. யாரும் கவனிக்கவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 11 வருடம் வீண்.” ரிஃப்ளெக்ஷன் என்றால் தன் குறைகளைத் தேடி எழுதுவது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சுயவிமர்சனம் என்று நாம் மொழிபெயர்ப்பதும் ஒரு காரணம், அந்தச் சொல்லிலேயே ஒரு நீதிமன்ற வாடை அடிக்கிறது.

இந்தச் சிந்தனையைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டொனால்ட் ஷோன் 1983-ல் எழுதியது கட்டடக் கலைஞர்கள், மனநல மருத்துவர்கள் போன்ற தொழில்காரர்களைப் பற்றி. கைதேர்ந்தவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது எதிர்பாராத ஒன்று நடந்தால், அந்த இடத்திலேயே நின்று, தான் நினைத்திருந்ததை மாற்றிப் பார்க்கிறார். வேலை முடிந்த பிறகும் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார். அவர் சொன்ன இரண்டு வகை அவ்வளவுதான். அதில் அழுகைக்கு வேலை இல்லை. எதிர்பாராத ஒன்று நடந்த இடம்தான் அதில் முக்கியம். உங்கள் வகுப்பில் அந்தப் பையன் எழுந்து நின்றானே, அந்த இடம்.

அதே நாளை நான் உங்கள் நோட்டில் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

“செவ்வாய், இரண்டாவது பீரியட். பேங்கில் ரூ.5,000 போட்டதற்கு என்ட்ரி. மூன்றாவது பெஞ்ச் பையன், வந்தால் க்ரெடிட்தானே என்றான். பின்னால் நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். நான் ரூலைச் சொல்லி நகர்ந்தேன். போர்ஷன் முடிக்கிற அவசரம். அவன் ஏன் அப்படி நினைக்கிறான்? எஸ்.எம்.எஸ்.? வெள்ளிக்கிழமை முதல் பத்து நிமிடம் இதற்கு.”

நாள், இடம், யார் என்ன சொன்னார்கள், நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன், அடுத்து என்ன. ஏழெட்டு வரி. ‘நான் நல்ல ஆசிரியரா’ என்ற கேள்வியே இதில் வராது. இதை மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே எழுதலாம். தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு பீரியட் போதும்.

அந்த 2.9-ஐ எப்படிப் படிப்பது

சராசரியை மட்டும் பார்த்து உடைந்துபோயிருக்கிறீர்கள். கணக்கு சொல்லிக்கொடுப்பவரிடம் கணக்கு சொல்கிறேன், மன்னியுங்கள். 24 பேரின் சராசரி 2.9 என்றால் மொத்தம் சுமார் 70. அதில் ஏழு பேர் கோபத்தில் எல்லாவற்றுக்கும் 1 போட்டிருந்தால், மீதி 17 பேர் போட்டது 63, அதாவது தலைக்கு 3.7. ஏழு பேரின் கோபமும் ஒரு செய்திதான், ஆனால் அது வேறு செய்தி. நிரப்பாத 34 பேர் என்ன நினைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கேள்விவாரியாக யார் எத்தனை மார்க் போட்டார்கள் என்ற பட்டியலை ஐ.க்யூ.ஏ.சி.யிடம் எழுத்தில் கேளுங்கள்.

இந்த மார்க்குகள் கற்பித்தலை அப்படியே அளப்பதும் இல்லை. அமெரிக்காவில் 2015-ல் வந்த ஓர் ஆய்வில், ஆன்லைன் வகுப்பு ஒன்றில் மாணவர்கள் ஆசிரியரை ஆண் என்று நம்பியபோது கூடுதலாகவும் பெண் என்று நம்பியபோது குறைவாகவும் மார்க் போட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் ஸ்டாஃப் ரூமில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. 2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளை ஒப்பிட்டபோது, மாணவர்களையே கணக்குப் போட வைத்த வகுப்பில் அவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான லெக்சரைக் கேட்டவர்களுக்குத்தான் நிறையக் கற்றுக்கொண்ட திருப்தி. நீங்கள் முறையை மாற்றும்போது ஃபீட்பேக் கொஞ்சம் இறங்கவும் கூடும் என்பதற்காக இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஏன் இப்படி நடத்துகிறேன் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் “போர்டோடதான் பேசுறாங்க” என்ற வரியை இந்தக் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். உங்களுக்கு அது அவமானமாகப் பட்டதற்குக் காரணம் அது வாசிக்கப்பட்ட விதம். எல்லோர் முன்னாலும் வாசித்தது தவறு. எச்.ஓ.டி.யிடம் தனியாக, “அடுத்த முறை என்னிடம் நேரே கொடுங்கள் சார்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த வரியை மட்டும் தனியே பார்த்தால், மாணவர் உங்களைத் திட்டவில்லை. எங்களோடு பேசுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. பணியில் சேர்ந்து பதினைந்து வருடம் கழித்து என் வகுப்பை நானே ஒலிப்பதிவு செய்து கேட்டேன். 50 நிமிடத்தில் 41 முறை “புரியுதா?” என்று கேட்டிருந்தேன். ஒரு முறைகூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “புரியுதா, அடுத்தது” என்று ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மூன்று நொடி என்பது சொல்லும்போது சின்னது. வகுப்பில் நின்று பாருங்கள், கை தானாக சாக்பீஸைத் தேடும்.

நீங்களும் ஒரு பீரியட் பதிவு செய்யுங்கள். மாணவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், உங்கள் குரல் மட்டும் போதும், வீடியோ வேண்டாம். கேட்டதும் அழித்துவிடுங்கள்.

வேறு கண்களும் வேண்டும்

தனியாக எழுதுவதில் உள்ள ஆபத்து, நம் பழைய எண்ணங்களையே சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருப்பது. கல்வியாளர் ஸ்டீஃபன் புரூக்ஃபீல்ட் 1995-ல் நான்கு கண்ணாடிகள் வழியாகப் பார்க்கச் சொன்னார்: நம் சொந்த அனுபவம், மாணவர்களின் கண், சக ஆசிரியரின் கண், படித்துத் தெரிந்துகொள்வது. உங்களிடம் இப்போது இருப்பது முதலாவது மட்டும்தான், அதிலும் விரிசல்.

மாணவர்களின் கண்ணுக்குச் சுலபமான வழி, வாரக் கடைசி வகுப்பின் இறுதி மூன்று நிமிடம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம், தமிழில் எழுதலாம். இரண்டே கேள்வி: இந்த வாரம் எந்த இடத்தில் விட்டுப்போனது? எது பளிச்சென்று புரிந்தது? திங்கட்கிழமை வகுப்பில், “இத்தனை பேர் இப்படி எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது” என்று சொல்லுங்கள். இப்படிப் பதில் சொல்லாவிட்டால் மூன்றாவது வாரம் வெற்றுச் சீட்டுதான் வரும். அப்புறம் இன்னொன்று: கையெழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடிக்காதீர்கள். இன்டர்னல் பேப்பர் திருத்தித் திருத்தி நமக்கு அது நன்றாகவே தெரியும், பிள்ளைகளுக்கும் அது தெரியும். வகுப்புத் தலைவரை விட்டுச் சீட்டுகளைப் படித்து ஒரே தாளில் எழுதி வாங்குவது பாதுகாப்பு.

சக ஆசிரியருக்கு, உங்கள் துறையிலேயே தேட வேண்டியதில்லை. ஆங்கிலத் துறையிலோ கணிதத் துறையிலோ நீங்கள் நம்பும் ஒருவரைக் கடைசி பெஞ்சில் இருபது நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். பாடம் எப்படி என்று கேட்காதீர்கள். “நான் எத்தனை நிமிடம் போர்டைப் பார்த்து நிற்கிறேன் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்” என்று கேளுங்கள். பதிலுக்கு அவர் வகுப்பில் நீங்கள் உட்காருங்கள்.

படிவத்தில் எதை எழுதுவது

உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில். நோட்டும் படிவமும் இரண்டு தனிப் பொருள்கள். நோட்டு உங்கள் வீட்டில் இருக்கும், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. படிவம் அலுவலக ஆவணம், கோப்பில் போகும், எச்.ஓ.டி. மாறினாலும் இருக்கும். நாக் பார்ப்பது, மாணவர்களிடம் கருத்து வாங்கினீர்களா, அலசினீர்களா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை. உங்கள் மனப்போராட்டத்தை அல்ல.

ஆகவே படிவத்தில் “எனக்குச் சொல்லத் தெரியவில்லை” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மாணவர் பெயரும் வேண்டாம். “பேங்க் பரிவர்த்தனைகளில் டெபிட், க்ரெடிட்டை மாணவர்கள் தலைகீழாக எழுதுவது விடைத்தாள்களில் தெரிந்தது. பேங்க் எஸ்.எம்.எஸ். கொண்டு விளக்கப்பட்டது. மறுதேர்வு இந்தத் தேதியில்.” இது முழு உண்மை, உங்களுக்கு எதிராக யாரும் இதைத் திருப்ப முடியாது. உங்களிடம் இருக்கும் ஆறு கட்டம் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் சொன்ன சுழற்சி மாதிரி தெரிகிறது: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, அலசல், முடிவு, அடுத்த திட்டம். ‘உணர்ந்தது’ என்ற கட்டத்துக்கு ஒரு வரி போதும். நர்சிங் மாணவர்களுக்கு அதிகம் பயன்படும் நல்ல கருவி அது. வாரா வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதமாக்கினால் சாட்ஜிபிடிதான் நிரப்பும். உங்கள் சக ஆசிரியர்களை எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் கையெழுத்து அவர்களுடையது, நாளைக்கு யாராவது விளக்கம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

இந்த 2.9-ஐ வைத்து மெமோ ஏதாவது வந்தால் வாய்மொழியாகப் பதில் சொல்லாதீர்கள். எந்த அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள், குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நியமன ஆணையை எடுத்து ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் வக்கீல் வேலை, என் வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறை. நீங்கள் எடுப்பது 22. 58 பேருக்கு ஒரே ஆள், மைக் இல்லை, போர்டின் பாதி மங்கல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் எவ்வளவு திரும்பிப் பார்த்தாலும் நீங்கள் சரிசெய்ய முடியாது. நிர்வாகம் செய்ய வேண்டியதை ஆசிரியரின் குறையாக மாற்றிவிடும் ஆபத்து இந்த ரிஃப்ளெக்ஷனில் உண்டு. உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘என் கையில் இல்லாதவை’ என்று தனியாக எழுதி வையுங்கள். அடுத்த துறைக் கூட்டத்தில் அதிலிருந்து ஒன்றை, ஒன்றை மட்டும், கோரிக்கையாக வையுங்கள். முதலில் அந்த போர்டுக்குப் பெயின்ட்!

வேலையை விடலாமா

விடுவது உங்கள் உரிமை. தூக்கமில்லாத மாதத்தில், செமஸ்டர் நடுவில் அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பது மட்டும்தான் என் யோசனை. டியூஷன் எடுத்தாலும் அங்கே வரும் பிள்ளைகளின் போனிலும் அதே எஸ்.எம்.எஸ். இருக்கும். இரண்டாவது இன்டர்னல் முடியட்டும். பேங்க் என்ட்ரிகளைத் திரும்பவும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்ததா, அப்படியே இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள், அதன் பிறகு பேசலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த மூன்றாவது பெஞ்ச் பையன் கேட்டதற்கு இன்னும் பதில் போகவில்லை. தனியாகக் கூப்பிட வேண்டாம், வகுப்பிலேயே, “போன வாரம் நீ கேட்டது சரியான கேள்வி, நான்தான் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன்” என்று ஆரம்பியுங்கள். சொல்லும்போது போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள்.